வரப்பைத் தாண்ட விடாத கருவாயன்

ஜீப் வந்து வாய்க்கால் கரையில் நின்றபோது கருவாயன் எழுந்திருக்கவில்லை. படுத்த வாக்கிலேயே காதுகளை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினான்.

பங்குனி வெயில். அறுவடை முடிந்து காய்ந்து வெடித்துக் கிடந்தது எங்கள் மேலப்பத்து வயல். நடுவில் கவிழ்த்து வைத்த பெரிய கூடைகளுக்குள் ஆட்டுக்குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. அந்தக் கூடைகளுக்கும் வரப்புக்கும் நடுவே, முன்னங்கால் இரண்டையும் நீட்டி, அவன் படுத்திருந்தான்.

ஜீப்பிலிருந்து தாசில்தார் இறங்கினார். அவருக்குப் பின்னால் குடையை விரித்துக்கொண்டு பெரிய பண்ணையின் காரியஸ்தர் இறங்கினார். தாசில்தாரின் ஜீப்பில் காரியஸ்தர் எப்படி வந்தார்? என் வீட்டுக்காரர் சலவை வேட்டியும் கட்சிக்கரைத் துண்டுமாக எதிரே போய்க் கும்பிட்டார். நானும் தெருப் பெண்களும் வயலுக்கு எதிர்ப்புறம் பூவரச மரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம்.

அந்த வயல் எங்களுக்கு இருக்கப்போகிறதா, போகப்போகிறதா என்பது அன்று மதியத்துக்குள் தெரிந்துவிடும். என் மாமனார் காலத்திலிருந்து பெரிய பண்ணையிடம் நாங்கள் குத்தகைக்குச் சாகுபடி செய்த வயல். அது போனால் அடுத்த வேளைக்கு உலை வைக்க எங்களுக்கு வேறு வழி கிடையாது.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லவேண்டுமானால் முதலில் கருவாயனைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். நாயை 'அது' என்றுதான் எழுதவேண்டும் என்று என் மகள் கையெழுத்துப் பிரதியில் திருத்தியிருந்தாள். அதை அடித்துவிட்டு மறுபடி 'அவன்' என்று எழுதியிருக்கிறேன். அவள் அவனைப் பார்த்ததில்லை.

சிவந்த உடம்பு, கறுத்த மூஞ்சி

நீடாமங்கலத்துப் பக்கம் அறுவடை முடிந்ததும் தெற்கேயிருந்து, சிவகங்கைச் சீமையிலிருந்து, செம்மறி ஆட்டு மந்தைகள் வரும். மந்தைக்குத் தலைவரைக் கீதாரி என்போம். பகலில் ஆடுகள் தரிசில் மேயும். இரவில் யாராவது ஒருவருடைய வயலில் படுக்கும். அதுதான் கிடை. சில நாள் கிடை கிடந்த வயலில் ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் இறங்கி, அடுத்த போகத்தில் பயிர் கருகருவென்று நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தாலே கிடை போட்ட வயல் எது என்று தெரிந்துவிடும்.

எங்கள் ஊருக்கு வந்தவர் சோலை கீதாரி. மெலிந்த மனிதர். பேசினால் காசு கேட்பார்களோ என்பது மாதிரி அளந்து பேசுவார். அவருடைய நாய்தான் கருவாயன்.

பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புகளுக்கு நடுவே வளர்ந்தவள் நான். தேங்காய் திருட வருகிறவனைக் கண்டு வாலாட்டுகிற நாய்களைத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் தடவை கருவாயனைப் பார்த்தபோது இதென்ன நாயா, கன்றுக்குட்டியா என்று நின்றுவிட்டேன். உயரம் ரொம்ப அதிகமில்லை, என் தொடை மட்டத்துக்கு இருப்பான். ஆனால் நெஞ்சு அகன்று இறங்கியிருக்கும், வயிறு உள்ளே ஏறியிருக்கும். கழுத்து கெட்டி. தாடை அதைவிடக் கெட்டி.

நிறம் சுட்ட செங்கல் நிறம். மூஞ்சி மட்டும் கண்ணுக்குக் கீழ்வரை கறுப்பு. கரிச்சட்டிக்குள் முகத்தை விட்டு எடுத்தவன் மாதிரி இருப்பான். மயிர் குட்டை, மழையில் நனைந்தால் ஒரு உதறு உதறுவான், அவ்வளவுதான், காய்ந்துவிடும். முதுகுத்தண்டின் மேலே ஒரு விரல் அகலத்துக்கு மயிர் எதிர்த்திசையில் வளர்ந்திருக்கும். சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. கோபம் வந்தால் அந்தக் கோடு மட்டும் கழுத்திலிருந்து வால் வரைக்கும் எழுந்து நிற்கும்.

"என்ன ஜாதிண்ணே இது?" என்று கேட்டேன்.

"கோம்பை, தாயி. மேக்கால மலையடிவாரத்து ஊரு. எங்க அய்யா காலத்துல அங்கேருந்து கொண்டாந்த வம்சம்."

அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தை நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பாதங்களைப் பார்த்தேன். விரல்களை இறுக்கிச் சேர்த்து வைத்த சின்னப் பாதம். அறுத்த நெல்லின் அடித்தாள் எங்கள் காலைக் கிழித்துவிடும். வெடிப்பில் கால் மாட்டினால் கணுக்கால் போய்விடும். அவன் அதே வயலில் பாய்ந்து ஓடும்போது சத்தமே கேட்காது. கண் வெளிர்ப்பழுப்பு. நம் முகத்தைப் பார்க்கமாட்டான். நம் காலைத்தான் பார்ப்பான். எந்தப் பக்கம் எடுத்து வைக்கப்போகிறோம் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

குரைக்காத நாய்

அவன் மந்தை ஓட்டுவதைப் பார்க்கவே நான் சோற்றை அடுப்பில் அப்படியே விட்டுவிட்டுக் கரைக்கு ஓடியிருக்கிறேன்.

மற்ற நாய்கள் ஆட்டைத் துரத்தும். இவன் துரத்தியதே கிடையாது. ஒரு ஆடு மந்தையை விட்டு விலகிப் பக்கத்து உளுந்துக் கொல்லைக்குள் இறங்கினால், அதன் பின்னால் ஓடமாட்டான். பெரிய வட்டமாகச் சுற்றிப் போய், அது போகப்போகிற இடத்தில் முன்கூட்டியே போய் நிற்பான். அவ்வளவுதான். ஆடு அவனைப் பார்த்து ஒரு கணம் யோசிக்கும், பிறகு தானாகவே திரும்பி வரும். திரும்பாத மொரட்டு ஆடு என்றால் பிடரித் தோலை மட்டும் கவ்வி, பல் பதியாமல், கொண்டுவந்து மந்தையில் சேர்ப்பான். சேர்த்துவிட்டு அந்த ஆட்டை ஏறிட்டும் பார்க்கமாட்டான்.

குட்டிகளிடம் அவன் வேறு ஆள். அவன் முதுகில் ஏறிக் குதிக்கும், காதைச் சப்பும். கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் கிடப்பான். ஒரு குட்டி அவன் வயிற்றில் தலையை முட்டிப் பால் தேடியதை நானே பார்த்தேன். எழுந்து நகர்ந்து போய் வேறு இடத்தில் படுத்துக்கொண்டான், கூச்சப்பட்ட மனிதன் மாதிரி.

குரைப்பது அபூர்வம். எங்கள் தெரு நாய்கள் இலை விழுந்தாலும் குரைக்கும். இவன் வேண்டும்போது அடிவயிற்றிலிருந்து ஒன்றே ஒன்று விடுவான். அதற்கே தெரு நாய்கள் எல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு அடங்கிவிடும்.

பெரிய பண்ணை வீட்டில் ஒரு அல்சேஷன் நாய் இருந்தது. அதுவும் வெள்ளைக்காரன் தேசத்தில் ஆடு மேய்த்த ஜாதிதானாம். காரியஸ்தரே பெருமையாகச் சொல்லுவார். ஆனால் அதற்குப் பாலும் ரொட்டியும், மதியத்தில் மின்விசிறிக்குக் கீழே படுக்கையும். ஒருநாள் சாயங்காலம் அதைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு பண்ணை ஆள் கரையில் நடந்து வந்தான். கிடையைப் பார்த்ததும் அது எகிறிக் குதித்தது. கருவாயன் எழுந்து நின்று அதை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். அந்தப் பெரிய நாய் தரையில் வயிற்றை வைத்துப் படுத்துவிட்டது. பண்ணை ஆள் அதை இழுத்துக்கொண்டு போகப் பட்ட பாட்டைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பு காரியஸ்தர் காதுக்கும் போயிருக்கும். போகட்டும்.

அவன் யார் கையிலும் வாங்கித் தின்னமாட்டான். வீட்டு வாசலில் ஏறமாட்டான். வாலாட்டமாட்டான். 'என்னைப் பிடிச்சிருக்கா?' என்று யாரிடமும் அவன் கேட்டதே இல்லை. வாழ்க்கைப்பட்டு வந்த ஊரில் எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்கப் பாடாய்ப் பட்டுக்கொண்டிருந்த எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயமாகப் பட்டது தெரியுமா? அவன்மேல் எனக்குப் பொறாமையே வந்தது. மரியாதையும் அந்த அளவுக்கு வந்தது.

என் வீட்டுக்காரரின் கட்சி

இப்போது என் வீட்டுக்காரரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவர் இல்லாமல் இந்தக் கதை நடந்திருக்காது. அவர் இல்லாததால்தான் நடந்தது என்றும் சொல்லலாம்.

கட்சி ஆட்சிக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தேர்தலில் ஜெயித்த அன்று எங்கள் தெருவில் கல்யாண வீடு மாதிரி சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். பண்ணைக்காரர்கள் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டை இடுப்புக்கு இறக்குகிற வழக்கத்தை என் வீட்டுக்காரர் அன்றோடு விட்டார். அதற்காக அவரை நான் எவ்வளவு கும்பிட்டாலும் தகும்.

ஆனால் நிலத்து விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. பக்கத்து ஊர்களில் சிவப்புக் கொடிக்காரர்களுக்கும் மிராசுதார்களுக்கும் அடிதடி. வைக்கோல் போர் எரிந்தது, குடிசைகள் எரிந்தன. குத்தகைக்காரர்களின் பெயரைச் சர்க்காரில் பதிந்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் யாரும் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்தது. சட்டம் வந்த வேகத்தில் மிராசுதார்கள் எல்லாரும் 'குத்தகைக்காரனே எங்களுக்குக் கிடையாது, எல்லாம் சொந்தச் சாகுபடி' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தலைமுறையாக ஏர் பிடித்தவர்கள் திடீரென்று கூலிக்காரர்கள் ஆனார்கள்.

என் வீட்டுக்காரர் மனு போட்டார். அதோடு விட்டாரா? மற்றவர்களுக்கும் மனு எழுத உட்கார்ந்தார். கூட்டம், மாநாடு, தாலுகா ஆபீஸ் என்று அலைந்தார். மேடையில் ஏறி உழுகிறவனுக்கே நிலம் என்று பேசினால் மைக்செட்டே நடுங்கும். அந்த வருஷம் எங்கள் வயலை உழுதது முக்கால்வாசி நான்தான். நாற்று விட்டது, களை எடுத்தது, அறுப்புக்கு ஆள் திரட்டியது எல்லாம் நான். அவர் சோம்பேறி இல்லை. நாலு பேருக்கு வயல் வாங்கித் தருகிற மும்முரத்தில் தன் வயல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டார்.

"என்னங்க, சாயங்காலம் கிடை நம்ம வயலுக்கு வருது. நீங்க இருக்கணும்" என்று கிடை இறங்கிய நாள் காலையிலேயே சொன்னேன்.

"ஆடு வந்து படுக்கறதுக்கு நான் எதுக்கு? தஞ்சாவூர்ல மாநாடு. நீ பாத்துக்க புள்ள."

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

வரப்பு காட்டுவது

எதற்காக அவரை இருக்கச் சொன்னேன் என்றால், அதற்கு ஒரு முறை உண்டு.

ஒரு வயலில் கிடை இறங்குகிற முதல் சாயங்காலம், அந்த வயலில் சாகுபடி செய்கிறவர் கீதாரியோடும் நாயோடும் நாலு வரப்பையும் ஒரு சுற்று நடக்கவேண்டும். நாய்க்கு முதல் கவளத்தைத் தன் கையால் வைக்கவேண்டும். வரப்பு காட்டுவது என்று சோலை கீதாரி அதற்குப் பெயர் சொல்லுவார். இதுதான் எல்லை, இவர்தான் இங்கே வரக்கூடியவர் என்று நாய்க்குச் சொல்லிக் கொடுப்பது. அதற்குப் பிறகு கிடை கிளம்புகிற வரைக்கும் அந்த வயல் நாயின் பொறுப்பு. கீதாரியின் ஆட்களையும் வரப்பு காட்டியவரையும் தவிர வேறு யாரையும் உள்ளே விடமாட்டான்.

சாயங்காலம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மந்தை வந்து இறங்கியது. நான் ஒரு சட்டிக் கஞ்சியோடு வரப்பில் நின்றேன். கீதாரி என்னைத் தாண்டித் தெருப் பக்கம் பார்த்தார்.

"ஆம்பள வரலியா தாயி?"

"மாநாட்டுக்குப் போயிருக்காங்கண்ணே. நான் நடந்தா ஆகாதா?"

அவர் தலையைச் சொறிந்தார். இதுவரை எந்த ஊரிலும் பெண்ணை வைத்து வரப்பு காட்டியதில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஏர் ஓட்டுனது யாரு?" என்று கடைசியில் கேட்டார்.

"நான்தான்."

"அப்ப நட தாயி."

நடந்தேன். முன்னால் நான், என் முட்டிக்குப் பின்னால் கருவாயன், அவனுக்குப் பின்னால் கீதாரி. திரும்பும் முனையில் எல்லாம் அவன் நின்று மண்ணை முகர்ந்தான், பிறகு என் பாதத்தை முகர்ந்தான். சுற்றி முடித்ததும் கஞ்சிச் சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் அவனுக்கு முன்னால் வைத்தேன். உடனே தின்றுவிடவில்லை. கீதாரியைப் பார்த்தான். அவர் தலையசைத்த பிறகுதான் தின்றான். அவன் மூச்சுக்காற்று சூடாக என் கையில் பட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எதற்கோ என்னை நியமித்த மாதிரி இருந்தது.

மறுநாள் மாநாட்டிலிருந்து திரும்பிய வீட்டுக்காரர் அப்படியே தாலுகா ஆபீஸுக்குப் போனார். வயல் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை, வரப்பு காட்டியது யார் என்று கேட்கவும் இல்லை. அதற்கு அடுத்த நாள் தாசில்தார் நேரில் வந்து பார்க்கப்போகிறார் என்று தகவல் வந்தது. தாசில்தார் வருகிற அன்று கீதாரி விடிந்ததும் விடியாததுமாக மந்தையை ஓட்டிக்கொண்டு வெகுதூரம் போய்விட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். வருஷா வருஷம் அவர் இந்த ஊருக்கு வரவேண்டும், பண்ணை வயல்களிலும் கிடை போடவேண்டும். யார் பக்கம் பேசினாலும் அவருக்கு ஆபத்துதான். நடக்கத் தெரியாத குட்டிகளையும் அவற்றுக்குக் காவலாகக் கருவாயனையும் மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

யார் போட்ட கிடை?

தாசில்தார் கண்ணாடி போட்ட நடுத்தர வயதுக்காரர். வந்ததும் வயலைப் பார்த்தார்.

"கிடை கெடக்கே. யார் போட்டது?"

கேள்வி சின்னதுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் அடுத்தவன் சாகுபடி செய்யப்போகிற வயலில் யாரும் கிடை போடமாட்டார்கள். யார் கிடை போட்டாரோ அவர்தான் சாகுபடிக்காரர். இது குழந்தைக்கும் தெரியும், தாசில்தாருக்கும் தெரிந்திருந்தது.

"பண்ணையிலேருந்து போட்டதுங்க" என்றார் காரியஸ்தர், கொஞ்சமும் கூசாமல். "இந்த கோவிந்தராசு நம்மகிட்ட கூலிக்கு ஏர் ஓட்டுனவன். இப்ப கட்சி வந்துட்டதால குத்தகைங்கறான்."

என் வீட்டுக்காரருக்கு நரம்பு புடைத்தது. "பொய் சார். நான் போட்ட கிடை. ஊரையே கேளுங்க."

தாசில்தார் சுற்றிக் கூடியிருந்த ஊர்க்காரர்களைக் கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பாதிப் பேர் குடியிருப்பது பண்ணைக்குச் சொந்தமான மனைக்கட்டில். அவர்கள் எப்படி வாய் திறப்பார்கள்?

"என்னை நம்பலேன்னா பாருங்க" என்றார் என் வீட்டுக்காரர். "கிடை நாய் சாகுபடிக்காரனைத் தவிர யாரையும் உள்ளே விடாது. நான் உள்ள போறேன், பாருங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னங்க, வேணாங்க!" என்று பூவரசடியிலிருந்து கத்தினேன். காதில் விழுந்ததோ இல்லையோ, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஏறி, உள்ளே காலை வைத்துவிட்டார்.

கருவாயன் எழுந்தான். முதுகுக் கோடு சிலிர்த்து நின்றது. குரைக்கவில்லை, ஓடி வரவில்லை. அவருக்கு எதிரே நேராக வராமல், வட்டமாகச் சுற்றி அவர் பின்பக்கம் வந்தான். தோளிலிருந்து தொங்கிய கட்சித் துண்டின் நுனியைக் கவ்வினான். அப்படியே பின்னோக்கி நடந்தான். என் வீட்டுக்காரரும் கழுத்து இறுக, பின்னோக்கி நடந்து வரப்புக்கு வெளியே வந்து சேர்ந்தார். உடனே துண்டை விட்டுவிட்டுப் பழைய இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டான். வழி தவறிய ஆட்டுக்குச் செய்வது எதுவோ அதைத்தான் செய்தான். துண்டில் ஒரு கிழிசல்கூட இல்லை.

காரியஸ்தர் சிரித்த சிரிப்பில் குடை ஆடியது. "பாத்தீங்களா? இவரு சாகுபடிக்காரராம்! நாய்க்கே தெரியல."

என் வீட்டுக்காரர் முகத்தை நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படிப் பார்த்ததில்லை. கோபம் எனக்கும் இருந்தது. 'நீ பாத்துக்க புள்ள' என்று போன மனுஷன்தானே என்றுகூட நினைத்தேன். ஆனாலும் அவர் அப்படி நின்றதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"சரி," என்றார் தாசில்தார், காரியஸ்தரைப் பார்த்து. "அப்ப நீங்க போங்க."

"நானாங்க?"

"பண்ணை போட்ட கிடைன்னீங்களே."

காரியஸ்தர் மடக்கிய குடையை முன்னால் நீட்டிக்கொண்டு வரப்பில் ஏறினார். இன்னொரு கையில் மடியிலிருந்து எடுத்த முறுக்கு. "ச்சூ, ச்சூ, வா வா" என்று அதை வீசினார். முறுக்கு கருவாயன் காலடியில் விழுந்தது. அவன் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. காரியஸ்தர் வயலுக்குள் இறங்கியதுதான் தாமதம், அந்த அடிவயிற்றுக் குரைப்பு ஒன்று வந்தது. காரியஸ்தர் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவாறே பின்னால் நகர்ந்து வரப்பேறி வெளியே போனார். குடை உள்ளேயே கிடந்தது. அதை எடுக்க அவர் போகவில்லை.

இப்போது தாசில்தாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இந்த நாய் யாரைத்தான்யா உள்ள விடும்?"

பக்கத்தில் நின்ற பெண்கள் என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள்.

வயலுக்கு உள்ளே

வரப்பேறி இறங்கினேன். கருவாயன் என் பாதத்தைப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு எனக்கு வழி விட்டான். அவ்வளவுதான், வாலாட்டவில்லை. நான் நடுவயலுக்கு நடந்து, ஒரு கூடையைத் தூக்கிக் குட்டி ஒன்றைக் கையில் எடுத்தேன். எனக்குப் பின்னால் முட்டிக்கு அருகில் அவன் வந்து நின்றான். முதல் சாயங்காலம் நடந்துவந்த அதே இடத்தில்.

தாசில்தார் சிரிப்பை நிறுத்தினார்.

"நீ யாரும்மா?"

"இந்த வயலை ஏர் ஓட்டுறவ."

"வரப்பு காட்டுனது நீயா?"

"ஆமாங்க."

அவர் கையிலிருந்த காகிதக் கட்டைப் புரட்டி ஜீப்பின் மூக்கில் வைத்து எழுதத் தயாரானார். காரியஸ்தர் பதறினார்.

"சார், பொம்பள பேர்ல குத்தகை எழுதுனா ஊரு சிரிக்கும்."

"சட்டத்துல ஆம்பளன்னு எங்கயும் போடலியே" என்றார் தாசில்தார்.

"மனு போட்டது அவ புருஷன். அவன் சம்மதிக்காம எப்படி எழுதுவீங்க? எழுதுனா நாளைக்கே நாங்க மேல போவோம்."

இதில் நியாயம் இருந்தது. தாசில்தாரின் பேனா நின்றது. மனு என் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. அவர் பெயருக்கு எழுதினால் நாயே விடாத ஆளுக்கு எழுதியதாகக் காரியஸ்தர் மேலே போவார். என் பெயருக்கு எழுதவேண்டுமானால் அத்தனை பேர் முன்னால் என் வீட்டுக்காரர் அதைத் தன் வாயால் விட்டுக்கொடுக்கவேண்டும். ஊரில் அதுவரை எந்த ஆண்பிள்ளையும் அப்படிச் செய்ததில்லை.

"உன் பேரைச் சொல்லும்மா" என்றார் தாசில்தார்.

"அஞ்சம்மாள்."

"புருஷன் பேரு?"

எனக்கு வாய் கட்டிப்போய்விட்டது. எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டோம். எங்கே கேட்டாலும் பக்கத்தில் நிற்கிற ஒருத்தி சொல்லுவாள். அன்று என் பக்கத்தில் கருவாயன்தான் நின்றான். பூவரசடியைப் பார்த்தேன். காரியஸ்தர் அந்தப் பெண்களையே முறைத்துக்கொண்டிருந்தார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

"பாத்தீங்களா, புருஷன் பேரைச் சொல்லவே வாய் வராதவ!" என்றார் காரியஸ்தர்.

கொஞ்சம் முன்னால் கோவிந்தராசு என்று அவரேதான் சொல்லியிருந்தார், மனுவிலும் அந்தப் பெயர்தான் இருந்தது. அது யாருக்கும் அப்போது தோன்றவில்லை. தாசில்தார் காத்திருந்தார். நான் வரப்புக்கு வெளியே நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கருவாயனைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார், வயலில் மிதித்து மிதித்து வெடித்துப் போயிருந்த காலை. பிறகு தோளில் கசங்கிக் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

"கோவிந்தராசு!" என்று கத்தினார். தாசில்தார் திடுக்கிட்டுத் திரும்பினார். "கோவிந்தராசு சம்சாரம் அஞ்சம்மாள்! எழுதிக்குங்க சார். மேலப்பத்து வயல் சாகுபடி அவதான். ஏர் ஓட்டுனது அவ, நாத்து விட்டது அவ, அறுத்தது அவ. எனக்குச் சம்மதம். அஞ்சம்மாள்னு எழுதுங்க!"

கையில் குட்டியை வைத்துக்கொண்டு, நடுவயலில் நின்று, நான் அழுதுவிட்டேன். எதிர்த்த கரையில் எல்லாரும் என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வரப்புக்கு வெளியே நின்றுகொண்டு என் பெயரை மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். தாசில்தார் எழுதி முடித்துப் பேனாவை மூடிய பிறகும் அவர் நிறுத்தவில்லை.